பிரேக் நடனம்

பிரேக் நடனம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களிடையே உருவான தெரு நடனம். இங்கே ‘பிரேக்’ என்பது உடலை ஒடிப்பதன்று. பாட்டில் குரலும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்கே அந்தப் பெயர். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் குடியிருப்பில் தங்கை நடத்திய விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தச் சில நொடிகளை நீட்டுவதே அவர் வளர்த்தெடுத்த முறை. அந்தத் தாளத்துக்காகக் காத்திருந்து ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள். ஆகவே இதை வெறும் சாகச ஆட்டமாக வகைப்படுத்துவது பொருந்தாது. நின்றாடும் டாப்ராக், தரையில் கையூன்றிக் கால் பின்னும் டவுன்ராக், தலையாலும் தோளாலும் சுழலும் பவர் மூவ், தாளம் விழும்போது அப்படியே உறையும் ஃப்ரீஸ் ஆகிய நான்கில், சாகசம் மேலோங்குவது மூன்றாவதில்தான்.

அந்த மூன்றாவதில் ‘ஃப்ளேர்’ ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் கரணம் போடுவதால் நடனம் நடனமல்லாமல் போவதில்லை. தமிழில் ‘கரணம்’ என்ற ஒரே சொல் குட்டிக்கரணத்தையும் குறிக்கும், சிதம்பரம் கோபுரங்களில் செதுக்கிய 108 ஆடல் நிலைகளையும் குறிக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரேக் போட்டி மதிப்பெண்ணிலும் நுட்பம், அசைவு வளம், தனித்தன்மை, செய்நேர்த்தி, இசையோடு இயைதல் என்ற ஐந்துக்கும் சமப் பங்கே தரப்பட்டது.

தமிழ்ப் பேச்சில் இப்பெயர் வேறுவகையில் விரிந்தது. சென்னையானாலும், மலேசியாவில் கேமரன் மலையின் வடகோடியில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய கம்போங் ராஜாவானாலும், தமிழர்களுக்கு இந்த அசைவுகளை அறிமுகப்படுத்தியதில் சினிமாவின் பங்கு பெரிது. ‘காதலன்’ (1994) படத்தில் பிரபுதேவாவின் உடலில் ஓடும் அலையையும் வெட்டையும் பிரேக் டான்ஸ் என்றே சொல்லிப் பழகினோம். அவை பெரும்பாலும் கலிபோர்னியாவில் வளர்ந்த பாப்பிங் வகை, நின்றே ஆடுபவை. 1984இல் வந்த ‘பிரேக்கின்’ என்ற அமெரிக்கப் படமே இரண்டையும் கலந்து காட்டியதால், பழியைக் கோடம்பாக்கத்தின்மேல் மட்டும் போட முடியாது. வழக்கே சொல்லுக்குப் பொருள் தரும் என்ற வாதத்தைப் பேச்சுக்கு ஏற்கலாம், வகைப்பாட்டுக்கு ஏற்க முடியாது. தரையைத் தொடாத ஆட்டம் பிரேக் அன்று.

பாரிஸில் ஜப்பானின் ஆமி, கனடாவின் ஃபில் விசார்ட் ஆகியோர் தங்கம் வென்றனர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டி இல்லை.