பல்வங்கர் பாலு – 114 விக்கெட்டும் ஒரு மண் குவளையும்

கிரிக்கெட்டுல இருந்து அரசியலுக்கு வந்தவங்கன்னா நமக்கு அசாருதீன், சித்து ஞாபகம்தான் வரும். அவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஒருத்தர் வந்துட்டார். பல்வங்கர் பாலு. தலித். இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர்.

புனே ஜிம்கானாவில் மாசம் 4 ரூபாய் சம்பளத்துக்கு மைதானத்தைப் பார்த்துக்கிட்டே, வெள்ளைக்காரங்களுக்கு வலையில் பந்து போட்டவர். அப்புறம் புனே இந்துக்கள் அணியில் சேர்த்தாங்க. அவர் தொட்ட பந்தை மத்தவங்களும் தொட்டாங்க, அதுல தீட்டு இல்லை! டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனியா மண் குவளையில். எங்க கோவை, ஈரோடு பக்கத்து டீக்கடை இரட்டை டம்ளர் கதை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லைங்க.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணிக்கு முறையான கேப்டனாக அவரைப் போடவே இல்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைச்சது.

இளவயசு அம்பேத்கருக்கே பாலு ஒரு ஹீரோ. ஆனா 1932-ல் தலித்துகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேணும்னு அம்பேத்கர் கேட்டப்ப, பாலு மெட்ராஸ் எம்.சி.ராஜாவோட சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்னார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிரா நிறுத்துச்சு. 13,245-க்கு 11,225, பாலு தோத்தார்.

காங்கிரஸ் போட்ட கணக்கு புரியுது. பாலு ஏன் ஒத்துக்கிட்டார்? பந்து வீசியே உள்ளே நுழைஞ்சவர், மத்தவங்களுக்கும் அந்தக் கதவு தானா திறக்கும்னு நம்பியிருக்கலாம்னு எனக்குத் தோணுது. அம்பேத்கர் அப்படி நம்பலை.