வாய்க்கால் எட்டாத காணிகள்: வன்னியில் மலையகத் தமிழரின் கிணறுகள்

இலங்கையின் குடியேற்ற வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கிணற்றை மட்டும் நம்பி மேட்டுநிலத்திற் குடியேறியோரை அவ்வரலாறு அதிகம் கருத்திற் கொள்ளவில்லை. வன்னிக்குச் சென்ற மலையகத் தமிழர் இவருட் குறிப்பிடத்தக்கவர்.

அட்டன், நுவரெலியாப் பகுதிகள் நீர்வளம் மிக்கவை. மகாவலியின் கிளையாறாகிய கொத்மலை ஓயா அம்மலைகளிலேயே ஊற்றெடுக்கின்றது. ஆயினும், தொழிலாளர் நீர் பிடித்த பீலியும் வாழ்ந்த லயமும் தோட்டத்துக்கே உரியனவாயிருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பின்னர் 1973-74இல் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களும் பல குடும்பங்களை வடக்கு நோக்கிப் பெயரச் செய்தன. காந்தியம் போன்ற இயக்கங்கள் அவர்களைக் குடியமர்த்த முயன்றன.

1970-77 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய், வெங்காயச் செய்கை வடக்கிற் செழித்தது. அதற்கு வேண்டிய உழைப்பை வந்தோர் நல்கினர். ஆனால் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் வயல்கள் முன்னரே பிறருக்கு வழங்கப்பட்டிருந்தன. மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய குடியிருப்புகள் பெரும்பாலும் வாய்க்கால் எட்டாத மேட்டிலேயே அமைந்தன.

கிணறு வெட்டினால் இக்குறை தீருமன்றோ எனச் சிலர் வினவலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நீரைத் தேக்கிவைக்கும் இயல்பினது. வன்னியின் பெரும்பகுதியிலோ அடியிற் கிடப்பது கடும்பாறை. அதன் மேலுள்ள சிதைந்த படையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். மாரி மழையால் ஊறும் அந்நீர் ஆவணி, புரட்டாதியில் மிகத் தாழ்ந்துவிடும். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அண்மையிலுள்ள கிணறுகளுக்குக் கசிவுநீர் துணைசெய்யும். எட்டவுள்ளவற்றுக்கு அத்துணையும் இல்லை. ஆகவே குளத்துநீரிற் பங்கில்லாதவன் கிணற்றுநீரிலும் குறைந்த பங்கையே பெற்றான். கிணற்றை ஆழப்படுத்தவும் இறைப்பு இயந்திரம் வாங்கவும் கடன் வேண்டும். உறுதியில்லாக் காணியைப் பிணைவைத்துக் கடன் பெறுதல் அரிது.

1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டபோது மலைநாட்டு நீர் வடமத்திய வறள்நிலத்தை அடைந்தது. வன்னிக் குடியிருப்புகளை அது அடையவில்லை.

எனவே வறள்நிலச் சிறுவிவசாயியின் நீர்ப்பிரச்சினையை மழையளவு கொண்டு மட்டும் விளக்குதல் பொருந்தாது. யார் எப்போது வந்தார், எந்த மேட்டில் அமர்த்தப்பட்டார், கையில் உறுதி இருந்ததா என்பனவும் கிணற்றின் நீர்மட்டத்தைப் போலவே அளந்தறியப்பட வேண்டியவை. அக்கிணறுகளை வெட்டிய தலைமுறை மறையுமுன் அப்பணியை மேற்கொள்வது ஆய்வு மாணவராகிய நமது கடனாகும்.