கவலைக்கு ஓர் உருவம்: கரிசல் நாவல்கள் தரும் ஆறுதல் பற்றிய விசாரணை

நாவல் வாசிப்பு மனச்சஞ்சலத்தைத் தணிக்கிறது என்பதை ஏறக்குறைய யாவரும் ஒப்புக்கொள்வர். எவ்வாறு தணிக்கிறது என்று வினவினாலோ, கவலையை மறக்கச் செய்வதால் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. உருவமற்றுக் கிடக்கும் கவலைக்கு நாவல் ஓர் உருவத்தை அளிப்பதனாலேயே ஆறுதல் பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் விளைந்த மூன்று நாவல்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு தெய்வம், விலங்கு, கள்வர், ஆளும் இறை ஆகிய நான்கினின்றும் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுத்தார். இந்நான்கும் எதிரே நிற்பவை. அவற்றின் முன் ஓடலாம், பொரலாம், பணியலாம். கவலையோ இன்னும் வாராத ஒன்றைக் குறித்தது. மானாவாரி நிலத்தில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு, ஐப்பசி மழை வருமோ, வந்தாலும் அறுப்புக் காலத்தில் வந்து கெடுக்குமோ என்று ஏங்கும் சம்சாரிக்கு, ஓடவும் பொரவும் எதிரே யாதொன்றும் இல்லை.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) வழிநடந்து வந்த ஒரு பெண்ணை நகைக்காகக் கள்வன் கொல்வதில் தொடங்குகிறது. அரசனுக்கு அஞ்சித் தெலுங்கு தேசத்தினின்றும் தெற்கே பெயர்ந்தோரின் வரலாறு மூதாட்டி மங்கத்தாயாரு வாயிலாக விரிகிறது. ஆக, தொல்காப்பியர் கூறிய நான்கனுள் கள்வரும் இறையும் இங்கே பிரத்தியட்சமாக நிற்கின்றனர். கள்வன் பிடிபட்டுத் தண்டனை பெறுகிறான். அஞ்சி ஓடிவந்தவர் காட்டைத் திருத்தி ஊராக்குகின்றனர். அச்சத்தை வென்று வாழ்ந்து முடித்த ஒருத்தியின் வாய்மொழியாக அதனைக் கேட்கும் வாசகனின் கவலை, தொடக்கமும் முடிவும் உள்ள அச்சமாக மாறித் தணிகிறது.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம்: ஆறுதல் தந்தது நல்முடிவுதானே, உருவம் எங்ஙனம் காரணமாகும்? பூமணியின் 'வெக்கை' (1982) இதற்குச் சமாதானம் கூறும். அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கிவிட்ட சிறுவன் தகப்பனுடன் காடுகளில் ஒளிந்து திரிந்து, இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகிறான். சுபமான முடிவு ஏதுமில்லை. எனினும் துரத்தப்படும் நாட்களிலும் அவர்கள் அடுப்புக் கூட்டுகின்றனர், கிடைத்ததைச் சமைக்கின்றனர், முறைவைத்துக் கண்ணயர்கின்றனர். பேரச்சத்தின் நடுவிலும் அடுத்த காரியம் ஒன்று இருக்கவே செய்கிறது என்பதே இந்நாவல் தரும் சாந்தி.

சோ. தர்மனின் 'சூல்' (2016) இன்னும் கடினமான சான்று. தலைமுறைகளாக ஊர் பேணிய உருளைக்குடிக் கண்மாய் சீர்கெடுவதைச் சொல்லும் அதில் மீட்சி இல்லை. ஆயினும் நீர் குறித்த தெளிவற்ற கலக்கம், இன்ன கண்மாய் இன்ன காரணங்களால் அழிந்தது என்னும் துக்கமாகிறது. துக்கத்துக்குப் பொருள் உண்டு. அதனைப் பிறரோடு பகிரலாம், அழலாம், அதன்பொருட்டு வினவவும் செய்யலாம்.

நாவல் மழையைக் கொணராது, கடனை அடைக்காது. தீவிர மனநோய்க்கு வைத்தியரே வேண்டும். ஆயினும் கலங்கிய உள்ளத்துக்கு இனிய முடிவுள்ள கதைகளே தகும் என்னும் பொதுநம்பிக்கை பிழையானது. ஆறுதலின் அளவுகோல் முடிவின் இனிமை அன்று; இடரை எவ்வளவு திட்டமாகவும் அதனுள் வாழும் மனிதரின் செயலை எவ்வளவு நுட்பமாகவும் நாவல் காட்டுகிறது என்பதே.