எங்கள் மலையின் செருப்புப் பூ

நான் செவிலியர், தாவரவியல் படித்தவள் அல்ல. செருப்பு ஆர்க்கிட் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி, அதன் மேல் பித்தானவள் என்பது மட்டும்தான்.

செவன் ஹில்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு ஜூலை மாதக் காலையில் நான் இரவுப்பணி முடிந்து வரும்போது வேலியோரம் நின்று கூப்பிட்டார். மரநிழலில் ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு பூ. மெழுகு பூசியது போன்ற பளபளப்பு. மேலே புள்ளிகள் கொண்ட ஓர் இதழ், கீழே செருப்பின் முன்பக்கம் போல ஒரு பை. ஒரு முகம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. “எல்லோரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம். இது உங்கள் நாட்டுச் செடிதான்” என்றார்.

அது பாபியோபெடிலம் இன்சிக்னே. ஏறத்தாழ 1820இல் சில்ஹெட் பகுதியிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. குளிரைத் தாங்குவதால் சிட்னியில் கண்ணாடி வீடு இல்லாமலே வளர்கிறது.

அந்தப் பை ஒரு பொறி. உள்ளே தேன் கிடையாது. ஏமாந்து விழும் பூச்சி வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கத்துச் சிறு வழியில் நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும்.

மனிதர்களும் விழுந்தார்கள். 1869இல் வீச் நாற்றுப்பண்ணையில் ஜான் டோமினி வளர்த்த முதல் கலப்பினச் செருப்பு ஆர்க்கிட் பூத்தது. அதன்பின் கலப்பினங்கள் பெருகின. 1857இல் பூத்துப் பின்னர் காணாமல்போன ஃபேரியானம் என்ற இனத்தைத் தேடித் தருபவருக்கு சாண்டர் என்ற வியாபாரி 1000 பவுண்டு பரிசு அறிவித்தார். 1905இல் அது பூட்டான் பக்கமிருந்து திரும்பக் கிடைத்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ‘டுரூரி’ என்ற பெயர் கண்ணில் பட்டது. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட். இந்தியாவில் அதன் உறவினங்கள் எல்லாம் வடகிழக்கில் இருக்க, இது மட்டும் அகத்தியமலைத் தொடரின் உயரமான புல்வெளிகளில் தனித்து வளர்கிறது. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு. 1865இல் கர்னல் ஹெபர் டுரூரி கண்டெடுத்தார். 1874இல் பெட்டோம் அவர் பெயரையே அதற்கு வைத்தார்.

நண்பர்களே, நான் களக்காட்டுக்காரி. வீட்டுப் பின்வாசலில் நின்றால் தெரிவது அந்த மலைதான். அங்கே இப்படியொரு பூ இருப்பதைச் சொல்ல எனக்கு இங்கிலாந்துக்காரர்களின் வரலாறு தேவைப்பட்டது. வெட்கமாக இருந்தது.

அடுத்து வாசித்தது இன்னும் வலித்தது. அழிந்துவிட்டதாக நினைத்த டுரூரி 1972இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி பரவியதும் வியாபாரத்துக்காகச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆசைப்பட்டவர்களாலேயே அது அழிவின் விளிம்புக்குப் போனது. பிறகு கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்காவில் விதையிலிருந்து கன்றுகளை வளர்த்து மலையில் மறுபடி நட்டார்கள். இன்று பாபியோபெடிலம் இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. காட்டுச் செடிகளை நாடு கடத்தி விற்கத் தடை.

ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். சித்தப்பா மகன் சாதாரணமாகக் கேட்டான்: “அக்கா, மலைக்குப் போறவங்களத் தெரியும். ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லட்டா?”

உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நிமிடம் மனசுக்குள் அந்தச் செடியை செவன் ஹில்ஸ் வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில்தான் சாண்டரின் வேட்டைக்காரர்களை எனக்குப் புரிந்தது. பிறகு, “வேண்டாம்டா, அது அங்கேயே இருக்கட்டும்” என்றேன்.

பெரியவர் வீடு மாறிப் போகும்போது தன் இன்சிக்னேயை வேரோடு பிரித்துப் பாதியை எனக்குத் தந்தார். அவருக்கும் அது அப்படி யாரோ தந்ததுதான். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு மொட்டு விட்டிருக்கிறது. டுரூரியை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.