ஐந்து வாரத்தில் ஒரு விளையாட்டு



ஒரு படைப்பு சிறப்பதும் கெடுவதும் கலைஞன் திறமையாலா, நிர்வாக அமைப்பாலா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணி நண்பர், 'திறமை இருந்தா போதும், யாராலும் தடுக்க முடியாது' என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு நான் ஒரே ஒரு மனிதரைக் காட்டுகிறேன். நம்ம வீட்டுப் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து விளையாடுறாங்களே வீடியோ கேம், அந்தத் தொழிலில் இருந்தவர்.

முதலில் கம்பெனியைப் பார்ப்போம். அமெரிக்காவில், கலிபோர்னியாவில், 1972-இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரண்டு பேர் தொடங்கியது அட்டாரி. 1976-இல் சினிமாவும் இசைத்தட்டும் விற்கிற வார்னர் நிறுவனம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. 1978-இல் ஜவுளித் தொழிலில் பழுத்த ரே கஸ்ஸாரைக் கொண்டுவந்து பொறுப்பில் வைத்தது. விற்கத் தெரிந்த மனிதர். வருமானம் மளமளவென்று ஏறியது. மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் முழுசாகச் செய்வார். யோசனை, படம், சத்தம் எல்லாம் அவரே. பெட்டியில் மட்டும் அவர் பெயர் இருக்காது! பெயரும் விற்பனையில் பங்கும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நாலு பேர் வெளியேறி, 1979-இல் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் என்ற இன்னொருவர், தான் செய்த 'அட்வென்ச்சர்' விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை ஒளித்து வைத்தார். முதலாளிக்கே தெரியாது! பெத்த பிள்ளைக்கு இனிஷியல் போடுறதுக்கு அப்பன் ஒளிஞ்சு வரணுமா? (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப நம்ம மனிதருக்கு வர்றேன். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. 1982-இல் வெளிவந்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' இவர் கைவண்ணம். மாதக்கணக்கில் திருத்தித் திருத்திச் செதுக்கினார், அமோக விற்பனை. அதே ஆண்டு ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் சக்கைப்போடு போட்டது. அதை விளையாட்டாக்க வார்னர் தலைவர் ஸ்டீவ் ராஸ் ஒப்பந்தம் பேசி முடித்தபோது ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடையில் சரக்கு இருக்கணும். அப்படின்னா செப்டம்பர் முதல் தேதி வேலை முடியணும். வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்தே வாரம்!

'அவர்தானே ஒத்துக்கொண்டார்' என்பார் எதிரணி நண்பர். ஒத்துக்கொண்டார், முடித்தும் கொடுத்தார். அது திறமை. ஆனால் ஆடவிட்டுப் பார்த்துத் திருத்த நேரமில்லை. ஈ.டி. குழியில் விழுந்தான், ஏறினான், மறுபடி விழுந்தான். பிள்ளைகள் வெறுத்துப் போனார்கள். அவசரக்காரனுக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இங்கே அவசரம் ஒருத்தருக்கு, அண்டாவில் மாட்டின கை இன்னொருத்தருக்கு! (கைதட்டல்)

லட்சக்கணக்கில் அடித்த சரக்கு தேங்கியது. சந்தையில் மட்டமான விளையாட்டுகளும் குவிந்து கிடந்தன. அந்த டிசம்பரில் வார்னர் பங்கின் விலை சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 1983-இல் விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோவில், அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 1984-இல் அட்டாரியின் வீட்டு விளையாட்டுப் பிரிவையே வார்னர் விற்றுத் தலைமுழுகியது. 2014-இல் அந்தக் குப்பைமேட்டைத் தோண்டியபோது, பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் வார்ஷாவும் ஒருவர்.

'முதலாளியே இல்லாமல் தொழில் நடக்குமா?' நடக்காது ஐயா. ஜப்பானில் நின்டெண்டோ தலைவர் யாமவுச்சியும் தனிக்காட்டு ராஜாதான். 'ரேடார் ஸ்கோப்' இயந்திரங்கள் அமெரிக்காவில் விற்காமல் நின்றபோது, அவற்றுக்குப் புது விளையாட்டு செய்யும் வேலையை மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் கொடுத்தார். மேற்பார்வைக்கு யோகோய் என்ற எஞ்சினியர். அவரே பொம்மை செய்து பழகியவர். 1981-இல் பிறந்தது 'டாங்கி காங்'. அங்கே மேலே இருந்தவருக்கும் வேலை தெரிந்தது.

வார்ஷாவின் திறமை ஐந்து வாரத்தில் ஆவியாகிவிடவில்லை. வேலை தெரிந்தவரைக் கேட்காமல், ஒப்பந்தம் பேசியவர் தேதி குறித்தார். ஆகவே, படைப்பின் தலையெழுத்தை எழுதுவது நிர்வாக அமைப்பே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.