தோலில் மலர் செதுக்கல்

தோலில் மலர் செதுக்கல் என்பது, பதனிட்ட தோலை ஈரமாக்கி, அதன் மேற்பரப்பைக் கத்தியால் கீறி, உலோக முத்திரைக் கருவிகளால் தட்டி, பூ, இலை, கொடி ஆகியவற்றைப் புடைப்பாகத் தோன்றச் செய்யும் கைவினை ஆகும். குதிரைச் சேணம், இடைவார், பணப்பை, நூலின் மேலட்டை போன்றவற்றில் இவ்வேலைப்பாடு இடம்பெறுகிறது. இன்று பல நாடுகளில் இது பொழுதுபோக்காகவும் கற்கப்படுகிறது.

இக்கலைக்குத் தேவையான பட்டைத் தோலைச் சென்னை மாகாணம் நூறாண்டுக்கும் மேலாகக் கப்பலேற்றி வந்தது. அதில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய வட ஆற்காட்டு ஊர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியும் 1989 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தோல் இங்கே இருந்தும் அதன்மேல் பூவேலை ஒரு பெரிய மரபாக இங்கே வளரவில்லை. அதன் காரணங்களையும், இன்று இதைப் பழகுவோர் அவ்வரலாற்றிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

பூ நிற்கும் தோலும் நிற்காத தோலும்

பச்சைத் தோல் அழுகாமல் நிலைக்கும்படி மாற்றுவதே பதனிடுதல். இதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஒன்று, மரப்பட்டை, காய் ஆகியவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளைத் தோலின் நாருக்குள் ஏற்றுவது. மற்றொன்று, குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடுவது.

பட்டையால் பதனிட்ட தோல் ஈரமானால் களிமண்போல் இணங்கும். நகத்தால் அழுத்தினாலும் தடம் பதியும். காய்ந்தபின் அத்தடம் அப்படியே இறுகி நிற்கும். குரோம் தோல் அப்படியன்று. மென்மையானது, வெப்பத்தையும் நீரையும் தாங்குவது. ஆனால் அழுத்தினால் பழைய நிலைக்கே மீண்டுவிடும். எவ்வளவு திறமையுள்ள கையானாலும் குரோம் தோலில் செதுக்கிய இதழ் சில நாட்களில் மங்கிவிடும். "எனக்குக் கைவரவில்லை" என்று இக்கலையைக் கைவிடும் பலருக்கு உண்மையில் கைவராதது கலையன்று, அவர்கள் வாங்கிய தோலே பொருந்தாதது.

ஆவாரம்பட்டைத் தோல்

தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் தானாக வளர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் செடி ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோர் இதை நன்கு அறிவர். இதன் பட்டையில் டானின் மிகுதி. பட்டையை உரித்து, இடித்து, குழிகளில் ஊறவைத்து அந்த நீரில் தோலைப் பல நாட்கள் இட்டு எடுப்பர். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்து, புங்க எண்ணெய் தடவி உலர்த்துவர். இவ்வாறு கிடைக்கும் வெளிறிய மஞ்சள் நிறத் தோல் உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' எனப் பெயர்பெற்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான பொருள்களில் இதுவும் ஒன்று. இலண்டனில் ஏலம் விடப்பட்ட இத்தோல், அங்கும் பிற நாடுகளிலும் மெருகேற்றப்பட்டுக் காலணியாகவும் நூலட்டையாகவும் மாறியது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணிகளுக்காகப் பிரித்தானிய அரசே இத்தோலை மொத்தமாகக் கொள்முதல் செய்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஏற்றுமதியானது முழுமை பெறாத தோல். பதனிடுவது வரை மட்டுமே இங்கே வேலை. சாயம், மெருகு, வடிவம், அலங்காரம் எல்லாம் வாங்கிய நாட்டில். ஒரு பொருளின் கடைசிப் படிகளில்தான் கலைக்கு இடம் உண்டு. அந்தப் படிகள் கடலுக்கு அப்பால் இருந்தன.

குரோம் வந்த வழி

குரோம் பதனிடலுக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை எளிமையாக்கினார். சென்னை மாகாணத்தில் இம்முறையைப் பரப்ப முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே குரோம் சோதனைகளை நடத்தினார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைக்கான தோல் பைகள் அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று. ஓயாமல் நீரில் நனையும் பைக்குப் பட்டைத் தோலைவிடக் குரோம் தோல் நீடித்து உழைக்கும். மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிக் கவலை இறைத்ததைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு அந்தத் தேவை எளிதில் விளங்கும்.

1912இல் சேம்பர்ஸ் குடும்பத்தார் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினர். இன்றைய குரோம்பேட்டையின் பெயர் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்ததே.

எனினும் பட்டைத் தோலே நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. பெரிய மாற்றம் 1970களில் நேர்ந்தது. 1972இல் சீதாராமையா குழு, தோலை அரைகுறையாக அனுப்பாமல் முழுமையான பொருளாக்கி ஏற்றுமதி செய்யவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தன. நோக்கம் நல்லது, வேலைவாய்ப்பும் பெருகியது. ஆனால் உலகச் சந்தை கேட்டது காலணியின் மேற்பாகத்துக்கான மெல்லிய குரோம் தோல். பாலாற்றங்கரை ஊர்கள் பெரும்பாலும் அதற்கு மாறின. அதன் விலையை ஆறும் நிலத்தடி நீரும் கொடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு இதைப் பற்றியதே. பட்டைத் தோல் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு முதலிய இடங்களில் தொடர்ந்தது. அங்கும் ஆவாரையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெருமளவு பிடித்துக்கொண்டது.

கையை மதித்து ஆளை மதியாமை

வணிகக் காரணத்தோடு சமூகக் காரணமும் உண்டு. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் என்னும் புலவர், ஒரு மன்னனின் போர் வேகத்துக்கு உவமையாகக் கட்டிலை வாரால் பின்னும் தொழிலாளியின் ஊசியைச் சொல்கிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானில் மழை, பொழுதோ சாய்கிறது; அந்த அவசரத்தில் அவன் கை ஓடும் விரைவே உவமை. நுட்பமான பார்வை. ஆனால் அதே பாடல் அவனைக் குறிக்க ஆளும் சொல் இழிவுப் பொருள் தருவது. அவன் கைத்திறன் மன்னனுக்கு உவமையாகிறது, அவனோ தாழ்ந்தவனாகவே நிற்கிறான்.

இந்த நிலை பிற்காலத்தில் சாதி வரம்பாக இறுகியது. தோலின் குணம் அறிந்த கைகளுக்குச் சித்திரம் பயிலும் வாய்ப்பு எட்டவில்லை. சித்திரம் அறிந்தவர்களோ தோலைத் தொடத் தயங்கினர். கோயில் தூண்களில் அழகிய கொடிக்கருக்கு வேலை செய்த நாட்டில், அக்கொடி செருப்பிலும் பையிலும் அதே அளவில் படராமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனக் கருத இடமுண்டு.

இத்தயக்கத்தைச் சிலர் உடைத்தனர். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றார். டிராப்பிஸ்ட் துறவிகளிடம் அத்தொழிலைக் கற்று வந்த காலன்பாக் அவருக்கு ஆசிரியர். அப்பண்ணையில் வாழ்ந்த சத்தியாக்கிரகிகளில் தமிழர் பலர்.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் தோல் அலங்காரத்துக்குப் புகழ்பெற்ற இடம் ஸ்பெயினின் கோர்தோபா நகரம். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் கைவினைஞர்களின் மரபு அங்கே செழித்தது. ஸ்பானியர் வழியாக அது மெக்சிகோவுக்குச் சென்று, குதிரைச் சேணங்களில் இடம்பிடித்து, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டான் கிங் என்னும் சேணக் கலைஞர், வட்டமாகச் சுழலும் கொடிகளுக்குள் பூக்களை அடுக்கும் பாணியை வளர்த்தார். இன்று 'ஷெரிடன் பாணி' என அறியப்படுவது இதுவே. ஆல் ஸ்டோல்மன் எழுதிய பயிற்சி நூல்கள், பட்டறைக்குள் இருந்த இக்கலையைப் பொழுதுபோக்காகச் செய்வோரின் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன.

சாந்திநிகேதன்

இந்தியாவில் இக்கலைக்கு நெருங்கிய மரபு வங்காளத்தில் உருவானது. 1922இல் தாகூர் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அங்கே அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும், ஐரோப்பாவில் கண்டு பயின்ற தோல் வேலையை அறிமுகம் செய்தனர். தாவரப் பதனிட்ட ஆட்டுத்தோலை ஈரமாக்கி, கோலத்தை ஒத்த ஆல்பனா வடிவங்களைப் புடைப்பாக அழுத்தி, வண்ணம் தீட்டும் முறை அங்கே வளர்ந்தது. அமெரிக்கப் பாணிபோல் ஆழக் கீறுவது இதில் இல்லை. அழுத்தமும் வண்ணமுமே முதன்மை.

சாந்திநிகேதன் தோல் பொருள்களும், தமிழ்நாட்டின் கிழக்கிந்தியத் தோலும் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. ஒன்று பூவுக்காகப் பெற்றது, மற்றொன்று தோலுக்காகப் பெற்றது. இந்த வேறுபாடே நமது வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

பழகுவோர் கவனத்துக்கு

தோல்: வெட்டிய விளிம்பைப் பார்க்கவேண்டும். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் தோல். ஒரு சொட்டு நீர் விட்டவுடன் உறிஞ்சிக் கருத்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். ஆழச் செதுக்க 3 மில்லிமீட்டர் அளவு கனமான மாட்டுத்தோல் ஏற்றது. மெல்லிய ஆட்டுத்தோல் சாந்திநிகேதன் முறைக்குப் பொருந்தும். சென்னையில் பெரியமேடு தோல் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம்.

ஈரம்: தொடக்கநிலையினர் செய்யும் பிழைகளில் பாதி இதில்தான். நனைத்தவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில் கத்தியை எடுக்கவேண்டும். ஈரம் மிகுந்தால் தடம் குழைந்துபோகும். குறைந்தால் கத்தி இழுபடும்.

கத்தி: விரல்களுக்கிடையே சுழலும் கத்தியால், தோலின் கனத்தில் பாதிக்கு மேற்படாமல் ஒரே இழுப்பில் கீறவேண்டும். கீறிய கோட்டுக்குத் திருத்தம் கிடையாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மெருகுத்தூள் பூசிய தோல் வாரில் முனையைத் தீட்டிக்கொள்வது அவசியம்.

தட்டுதல்: தோலைக் கடப்பைக் கல்லின்மேல் பரப்பி, இரும்புச் சுத்தியலுக்குப் பதிலாகக் கொட்டாப்புளியால் தட்டவேண்டும். இதழின் வெளிப்புறத்தைச் சாய்முனைக் கருவியால் தாழ்த்தும்போது, ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் பாதியின்மேல் விழவேண்டும். இல்லையேல் படிக்கட்டுபோல் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் நிழலிலேயே குறை தெரிந்துவிடும்.

கறை: பட்டைத் தோலில் இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு மை ஆவதும், கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே வேதிவினைதான். நனைக்க இரும்புப் பாத்திரம் கூடாது.

பயிற்சி: பத்துப் பொருள் செய்வதைவிட ஒரே பூவை இருபது துண்டுகளில் செய்வது மேல். ஒவ்வொன்றின் பின்புறமும் தேதி எழுதி வைத்தால், முன்னேற்றத்தை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆரணிக் கரையும் தோல் கொடியும்

ஆரணிச் சேலையின் கரையில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தறியில் பூ கட்டத்தாளில் பிறக்கிறது. சிறுசிறு கட்டங்கள் சேர்ந்து இதழாகின்றன. அதை அப்படியே தோலில் படியெடுத்தால் உயிரற்றுத் தோன்றும். தோலில் பூவுக்கு ஆதாரம் வளைகோடும் மேடுபள்ளமும். அதற்கான பாடம் கல்லில் இருக்கிறது. ஆரணிக்கு அருகிலுள்ள தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயிலிலும், வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் விஜயநகரக் காலச் சிற்ப வேலையைக் காணலாம். கொடி தண்டிலிருந்து எப்படிப் பிரிகிறது, இலை எப்படி அதன்மேல் மடிகிறது என்பதை இத்தகைய வேலைப்பாடுகளைப் பார்த்து வரைந்து பழகிய பின் கத்தியை எடுப்பவர், வேற்று நாட்டு வடிவப் படத்தைப் படியெடுப்பவரைவிட விரைவில் தேர்ச்சி பெறுவார்.

1948இல் அடையாறில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பதனிடும் அறிவைத் தமிழ்நாட்டில் உறுதியாக நிலைநிறுத்தியது. சித்திர அறிவு நம் கோயில்களிலும் தறிகளிலும் உள்ளது. இரண்டும் ஒரே மேசையில் சேர்வதற்குத் தடையாக இருந்த பழைய தயக்கத்துக்கு இன்று காரணம் ஏதுமில்லை. ஓய்வு நேரத்தில் ஒரு மாணவர் ஒரு துண்டுப் பட்டைத் தோலில் ஆவாரம்பூவின் ஐந்து இதழ்களைச் செதுக்கினால், அந்தத் தோலைப் பதனிட்ட செடியின் பூ முதன்முறையாக அதன்மேல் பூத்ததாகவே கொள்ளலாம்.