கம்ப்யூட்டர் காலண்டர்: டயாலிசிஸ், முகூர்த்தம், மீட்டிங் மோதாம குறிச்சு வைப்பது எப்படி?

காலை 9 மணிக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ். அதே நேரத்துல திருப்பரங்குன்றத்தில் நெருங்கின சொந்தத்தோட முகூர்த்தம். சாயங்காலம் 6.30-க்கு அமெரிக்க கிளையன்ட்டோட மீட்டிங். மதுரையில் ஐ.டி. வேலை பார்க்குற பல பேருக்கு இது சாதாரண ஒரு நாள்தான்.

சிவகாசியில அச்சான தினசரி காலண்டர்ல பேனாவால எழுதி வெச்சா, வீட்டுல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். தாளைக் கிழிச்சதும் அதுவும் போச்சு. திண்டுக்கல்லில் இருக்கும் தங்கச்சிக்கும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் தெரியணும்னா கூகுள் காலண்டர், அவுட்லுக் மாதிரியான செயலிகள் உதவும். பார்ப்பதற்கு மொபைல் போதும். ஆனா முதல் முறை எல்லாத்தையும் சரியா அமைக்க கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்வதுதான் எளிது. ஒரு வாரம் முழுக்க ஒரே திரையில் விரிஞ்சு கிடக்கும். எது எதோட மோதுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

தனி வேலையா, கூட்டு வேலையா?

அவுட்லுக்கில் இது ரெண்டுக்கும் தனித்தனி பெயர் உண்டு. உங்களுக்கு மட்டும் குறிச்சுக்கிட்டா 'அப்பாயின்ட்மென்ட்'. மத்தவங்களையும் சேர்த்து அழைப்பு அனுப்பினா 'மீட்டிங்'. கூகுளில் இரண்டும் 'ஈவென்ட்'தான். 'கெஸ்ட்' பகுதியில் மின்னஞ்சல் முகவரி போட்டா அது கூட்டு நிகழ்ச்சி ஆகிடும்.

நீங்க கூகுள்ல அனுப்பும் அழைப்பை அவுட்லுக் வெச்சிருக்கறவரும் ஏத்துக்க முடியும். காரணம், 1998-ல் வெளியான 'ஐகேலண்டர்' என்ற பொது வடிவம். கம்பெனி எதுவா இருந்தாலும் தேதி, நேரம், இடம் எல்லாம் அந்த ஒரே வடிவத்தில்தான் போய்ச் சேருது.

குடும்பத்துக்கு ஒரு காலண்டர்

அம்மாவோட டயாலிசிஸையே எடுத்துக்குவோம். வாரம் மூணு நாள். யார் கூடப் போறதுன்னு போன்லயே பேசிக்கிட்டிருந்தா, 'நீ போவேன்னு நினைச்சேன்' என்று ஒரு நாள் ஆளே இல்லாமல் போகும். வேற எந்த வேலையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, இதில் முடியாது.

கூகுள் காலண்டரின் இடதுபக்கம் 'அதர் காலண்டர்ஸ்' அருகில் இருக்கும் கூட்டல் குறியைத் தட்டி, 'அம்மா' என்ற பெயரில் புது காலண்டர் உருவாக்குங்க. அதை அண்ணன், தங்கச்சி, தம்பியோட மட்டும் பகிருங்க. பகிரும்போது அனுமதி கேட்கும். கூடப் போகிறவங்களுக்கு மாற்றும் உரிமை வேணும். வெளியூரில் இருந்து பார்த்துக்கறவங்களுக்குப் பார்க்கும் உரிமை போதும். ஒவ்வொரு ஈவென்டின் தலைப்பிலும் கூடப் போகிறவர் பெயரையே எழுதிடுங்க. முதல் நாள் இரவு ஒண்ணு, ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணுன்னு ரெண்டு நினைவூட்டல் வைக்கலாம்.

ஒரு வாரம் மட்டும் செவ்வாய்க்குப் பதில் புதன்னு ஆஸ்பத்திரியில் மாத்திட்டா? ஈவென்டை நகர்த்தினதும் 'இது மட்டுமா, இதிலிருந்து எல்லாமா, எல்லாமேவா' என்று கேட்கும். அவசரத்தில் கடைசியைத் தட்டிட்டா எல்லா வாரமும் மாறிடும். பெரும்பாலான குழப்பம் இந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்குது. நிதானமா படிச்சுட்டுத் தட்டுங்க.

கள்ளழகரை 'வருஷா வருஷம்' என்று போடாதீங்க

பிறந்தநாளுக்கு 'ஆண்டுதோறும்' என்ற அமைப்பு சரி. திருவிழாவுக்குச் சரிவராது. கள்ளழகர் வைகையில் இறங்கியது 2023-ல் மே 5, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் என்பதால் ஆங்கிலத் தேதி நிற்காது. ஜல்லிக்கட்டும் தை முதல் தேதியை ஒட்டித்தான்: அலங்காநல்லூர் 2024-ல் ஜனவரி 17, 2025-ல் ஜனவரி 16. கோயிலும் மாவட்ட நிர்வாகமும் தேதியை அறிவித்ததும் ஒவ்வொரு வருஷமும் புதுசா குறிப்பதே வழி.

காலண்டர் செயலியின் 'இந்திய விடுமுறைகள்' பட்டியலையும் முழுசா நம்ப வேண்டாம். மதுரை மாவட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையை அதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்பட்டால் அதையும் நீங்கதான் சேர்க்கணும். அழகர் இறங்கும் நாளில் ஆழ்வார்புரம், கோரிப்பாளையம் பக்கம் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வைக்காம இருக்கவும் இந்தக் குறிப்பு உதவும். வண்டி நகராது.

ராகு காலம் பார்க்கிறவங்க அதையும் வாராந்திர ஈவென்டா போட்டுக்கலாம். திங்கள் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்று. ஆனா 'பிஸி' என்பதை 'ஃப்ரீ' என மாத்திடுங்க. இல்லாட்டி தினமும் ஒன்றரை மணி நேரம் நீங்க வேலையா இருக்கீங்கன்னு ஆபீஸுக்குக் காட்டும்!

6.30 மீட்டிங் 7.30 ஆனது எப்படி?

நியூயார்க்கில் காலை 9 மணி மீட்டிங் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பாங்க, நமக்கு 7.30 ஆகிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி 6.30. அதனால ஈவென்ட் உருவாக்கும்போதே 'டைம் ஸோன்' என்பதில் நியூயார்க்கைத் தேர்வு செஞ்சா, மாற்றத்தை செயலியே பார்த்துக்கும். சிங்கப்பூர், துபாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. சிங்கப்பூர் எப்பவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி.

பலரைச் சேர்க்கும் கூட்டத்துக்கு கூகுளில் 'ஃபைண்ட் எ டைம்', அவுட்லுக்கில் 'ஷெட்யூலிங் அசிஸ்டென்ட்' இருக்கு. எல்லாருக்கும் காலியான நேரம் எதுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். அவங்க காலண்டர் உங்களுக்குத் தெரியும்படி இருந்தால் மட்டும்தான் இது வேலை செய்யும்.

யாருக்கு என்ன தெரியுது?

ஆபீஸ் கணக்கில் 'மகப்பேறு டாக்டர்', 'வக்கீல் சந்திப்பு' என்றெல்லாம் எழுதினால் உடன் வேலை பார்ப்பவர்களும் படிக்க வாய்ப்பு உண்டு. அந்த ஈவென்டை 'பிரைவேட்' ஆக்குங்க. அல்லது பகிரும்போதே நேரம் காலியா இல்லையா என்பது மட்டும் தெரியும்படி அமைச்சுக்கலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு 40 பேரை அழைத்தால், அத்தனை பேரோட மின்னஞ்சலும் எல்லாருக்கும் தெரியும். 'சீ கெஸ்ட் லிஸ்ட்' என்ற டிக்கை எடுத்துட்டு அனுப்புங்க.

'பரிசு விழுந்திருக்கு', 'பணம் கட்டணும்' என்று தெரியாத அழைப்பு தானாகவே காலண்டரில் வந்து உட்கார்ந்திருந்தால் உள்ளே இருக்கும் லிங்க்கைத் தட்டாதீங்க. 'நோ' என்று பதிலும் சொல்ல வேண்டாம். அது அனுப்பினவருக்கே போகும். 'ரிப்போர்ட் ஆஸ் ஸ்பாம்' கொடுங்க. செட்டிங்ஸில் தெரிந்தவர்கள் அனுப்பும் அழைப்பு மட்டும் சேரும்படி மாத்திடலாம்.

மாற்றும் உரிமை உள்ள யாராவது தவறுதலா ஒரு ஈவென்டை அழிச்சிட்டா எல்லாருக்கும் அழிஞ்சிடும். பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரின் செட்டிங்ஸ் பட்டனுக்குள் 'ட்ராஷ்' இருக்கும். சுமார் 30 நாள் வரை அங்கிருந்து மீட்கலாம்.